தண்ணீர் ஊற்றும் முன்பே முடிந்துவிடும் சூப்

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருவர் சிரித்ததைப் பார்த்தேன். காய்கறி சூப் வைக்க ஒரு சொற்பொழிவா என்று நினைத்திருப்பார், நியாயம்தான். காயை நறுக்கித் தண்ணீரில் போட்டு, வெந்ததும் உப்பும் மிளகும் தூவினால் சூப். நானும் பல வருடம் அப்படித்தான் வைத்தேன். வீட்டில் உடம்புக்கு நல்லது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார்கள், அரை மணி நேரத்தில் பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தம் கேட்கும். ருசியும் இல்லை, வயிறும் நிறையவில்லை. முதல் குறையை லீக்ஸ் தீர்த்தது. இரண்டாவதைத் தீர்த்தது பருப்பு.

லீக்ஸ் பார்ப்பதற்கு ராட்சத வெங்காயத்தாள் போல இருக்கும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பங்காளிதான், ஆனால் வெங்காயத்தாளின் இலை குழல் மாதிரி இருக்கும், இதன் இலை தட்டையாக விசிறி போல விரியும். அடித்தண்டு வெள்ளையாக இருக்கிறதே, அது தானாக வந்த வெள்ளை இல்லை. செடி வளர வளர விவசாயி மண்ணை அணைத்துக்கொண்டே வருவார், வெயில் படாத பகுதி வெளுத்து மிருதுவாகும். அதனால்தான் அடுக்குக்கு அடுக்கு மண் ஒளிந்திருக்கிறது. குழாய்க்கு அடியில் காட்டிவிட்டு நறுக்குகிறவர்கள் சூப்பில் மணலைக் கடிப்பார்கள், நான் கடித்திருக்கிறேன். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மெல்லிசாக நறுக்கி, பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அலசுங்கள். மண் அடியில் தங்கிவிடும், துண்டுகள் மிதக்கும். மிதப்பதைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தை அப்படியே வடிகட்டியில் கவிழ்த்தால் தங்கிய மண்ணெல்லாம் திரும்ப மேலே விழும்.

மேலே இருக்கிற கரும்பச்சை இலையை நிறையப் பேர் குப்பையில் போடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் கோபமே வரும். மெல்ல முடியாத நார்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வாசனை அதில் இருக்கிறது. நன்றாகக் கழுவி, கேரட் நுனி, கொத்தமல்லித் தண்டு என்று கையில் இருப்பதோடு சேர்த்து ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சூப்புக்கு ஊற்றும் தண்ணீர் அதுதான்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நாலு பேருக்கு இரண்டு லீக்ஸ் போதும். அடி கனமான பாத்திரத்தில் ஒன்றரை மேசைக்கரண்டி வெண்ணெயோ எண்ணெயோ விட்டு, லீக்ஸையும் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டு, தீயை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்கள். 15 நிமிடம். நடுநடுவே கிளறினால் போதும். உப்பு அதிலிருக்கும் நீரை வெளியே இழுக்கும், அந்த நீரிலேயே அது குழைந்து, காரம் போய் இனிப்பு வரும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் சிவந்து கசந்துவிடும், அந்தக் கசப்பு அப்புறம் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் போகாது. இந்த 15 நிமிடத்தில்தான் சூப்பின் ருசி முடிவாகிறது. பின்னால் போடுகிற மசாலாப் பொடிகள் எல்லாம் இதைச் சரியாகச் செய்யாதவர்கள் செய்யும் பிராயச்சித்தம்.

மேடையில் பேசுகிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரோமப் பேரரசன் நீரோ தன் குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று எண்ணெயில் போட்ட லீக்ஸ் சாப்பிட்டானாம், அந்தக் கால ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். என் குரலை நீங்களே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், பலன் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லீக்ஸ் குழைந்த பிறகு ஒரு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், 100 கிராம் மைசூர்ப் பருப்பு, வடித்து வைத்த தண்ணீர். 20 நிமிடத்தில் எல்லாம் வெந்துவிடும். தக்காளி வேண்டுமென்றால் பருப்பு வெந்த பிறகு போடுங்கள், புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பும் கிழங்கும் வேக அடம்பிடிக்கும். எலுமிச்சையும் அடுப்பை அணைத்த பிறகுதான். வெறும் காயில் புரதம் கொஞ்சம்தான், இந்த 100 கிராம் பருப்பு ஆளுக்குச் சுமார் 6 கிராம் புரதம் தருகிறது, பிஸ்கட் டப்பா மூடியே இருப்பது அதனால்தான். வெண்ணெயைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கேரட்டில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேர கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

மசிக்கும்போது கரண்டியாலோ மத்தாலோ பாதியை மட்டும் மசித்தால் போதும். மிக்ஸியில் நெடுநேரம் ஓடவிட்டால் உருளைக்கிழங்கு பசை மாதிரி ஆகிவிடும். சூடாக ஜார் நிறைய ஊற்றி ஓட்டவே ஓட்டாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு பச்சைக் கறை இன்னும் இருக்கிறது.

இரண்டு பேர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். லீக்ஸில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அதிகம், ஆகையால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று தினமும் குடிக்க ஆரம்பிக்காமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம் சாப்பிட்டாலே வயிறு உப்புகிறவர்களுக்கு வெள்ளைத் தண்டும் அதையே செய்யும், பச்சைப் பகுதி அவ்வளவு தொந்தரவு தராது, ஆனால் பருப்பையும் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

மீந்தால் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். மறுநாள் பருப்பு இறுகிக் களி போல நிற்கும், பயப்படாமல் சுடுதண்ணீர் விட்டுக் கலக்குங்கள், உப்பை மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். இனி கேள்விகள். சிரித்தவர் முதலில் கேட்கலாம்.