ரோமன் ரோட்டுல சிட்டக்கல் கிடைச்சிருச்சு!

வணக்கம் மக்களே! இங்க பாருங்க, கையில என்னன்னு. கறுப்பா, மெழுகு வழிஞ்சு உறைஞ்ச மாதிரி ஒரு கல். ரெண்டு வருஷமா தேடிக்கிட்டு இருந்தது! சிட்டக்கல். இரும்பு உருக்குற உலையில இருந்து ஓடி வந்த கழிவு.

இடம் இங்கிலாந்துல சசெக்ஸ் மாவட்டத்துல ஹோல்ட்டைங்கற ஊர். கௌடன் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தேன். அந்த பூட்ஸ் விஷயம் சொல்லியே ஆகணும். போன வீடியோல காட்டினேனே, 38 பவுண்டு? முதல் சேத்துலயே வலது கால் அடிப்பாகம் பிளந்துருச்சு. தண்ணி புகாதுன்னு சொல்லித்தான் வித்தாங்க! திருப்பிக் கொடுக்கப் போனா, "சேறா இருக்கு, எடுக்க முடியாது"ங்கறாங்க. சேத்துல நடக்கத்தானேங்க வாங்கினது? நான் விடப்போறதில்ல.

சரி, ரோடு. லண்டன்ல இருந்து லூயிஸ்ங்கற ஊர்ப் பக்கம் போன ரோமன் ரோடு இது. 1939ல ரோமன் ரோடுகளை ஆராய்ஞ்ச ஐவன் மார்கரி இங்க தோண்டினப்ப, மேல்தளம் முழுக்க சிட்டம். அதுல மிச்சமிருந்த இரும்பு துருப்பிடிச்சு, எல்லாம் ஒட்டி கான்கிரீட் மாதிரி இறுகியிருந்துச்சு. மேல வண்டிச்சக்கரத் தடம் கூட இருந்துச்சு! எனக்கு கோட்டை, அரண்மனையெல்லாம் பிடிக்காது, தெரியும்ல. இந்த மாதிரி வண்டித் தடம்தான் உயிர்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். இரும்பு ஏன் இங்க? இந்த வீல்டு பகுதி களிமண்ணுலயே இரும்புத் தாது இருக்கு, சுத்தி காடு, அதுல இருந்து அடுப்புக்கரி. சின்ன களிமண் உலை, துருத்தி. இரும்பு முழுசா உருகாது, பஞ்சு மாதிரி கட்டியா உள்ளயே நிக்கும், சிட்டம் மட்டும் உருகி வெளிய ஓடும். அதான் இந்த வழிஞ்ச வரி. கட்டியை அடிச்சு அடிச்சுத்தான் இரும்பாக்கணும்.

பேட்டில் ஊர்ப்பக்கம் போபோர்ட் பார்க்ல மலை மாதிரி சிட்டம் குவிஞ்சு கிடந்துச்சு. 19ம் நூற்றாண்டுல வண்டி வண்டியா அள்ளி ரோடு போட்டுட்டாங்க. அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. ஆனா பக்கத்துல வேலைக்காரங்க குளிச்ச ரோமன் குளியல் கட்டடம் தப்பிச்சிருச்சு. ஓடுகள்ல சி, எல், பி, ஆர்னு முத்திரை. 'கிளாசிஸ் பிரிட்டானிகா'ங்கறதோட சுருக்கம், அதாவது ரோமானியர்கள் பிரிட்டன்ல வெச்சிருந்த கடற்படை. கப்பல் படைக்கும் இந்தக் காட்டு இரும்புக்கும் தொடர்புங்க!

இதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். எடுத்த இடத்துலயே, இதோ, வெச்சாச்சு. இருங்க, குளோசப் எடுத்தேனா? இன்னொரு தடவ காட்டிடறேன்...