ஒரே வழக்கு, மூன்று பேர்

நேயர்களுக்கு வணக்கம். தூக்குத் தண்டனை கூடாது என்று எங்கே பேசினாலும் ஒரு கேள்வி வரும்: "உங்கள் வீட்டில் ஒரு கொலை விழுந்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா?" நியாயமான கேள்வி. பறிகொடுத்தவர்களின் ஆத்திரத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் யாரைத் தூக்கில் போடுவது என்பது கடைசியில் மனுக்களும் தேதிகளும் போகிற போக்கில் முடிவாகிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொலை. ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் தூக்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஜீதா சிங்கின் மனு 1976-இல் தள்ளுபடியானது. காஷ்மீரா சிங் சிறையிலிருந்தே அனுப்பிய மனு வேறு நீதிபதிகளிடம் போய், 1977-இல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு ஹர்பன்ஸ் சிங்கின் மனுவும் தள்ளுபடி. கூட்டாளிக்குத் தூக்கு ரத்தான விஷயம் அங்கே நீதிபதிகளின் கவனத்துக்கு வரவில்லை.

1981 அக்டோபர் 6 அன்று இருவரையும் தூக்கிலிட நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் இன்னொரு மனு போட்டார், தடை கிடைத்தது. ஜீதா சிங் போடவில்லை. அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். ஒரே வழக்கு, ஒரே குற்றம். திரும்பவும் சொல்கிறேன், ஒரே குற்றம்.

1982 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. இனி ஒருவரைத் தூக்கிலிடும் முன், உடன் தண்டிக்கப்பட்ட யாருக்காவது தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் நேரடியாக விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஜீதா சிங் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ரேஷன் கார்டில் பெயர் தப்பாக விழுந்தால்கூட, நாலு தரம் நடந்தாவது திருத்தி வாங்கிவிடுகிறோமே!

தூக்கு இருந்தால் குற்றம் குறையும் என்பார்களே, அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். 2015-இல் ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம், ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு கூடுதலாகப் பயமுறுத்துகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்றது. பயங்கரவாதம், அரசுக்கு எதிரான போர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தூக்கை எடுத்துவிடச் சொன்னது.

அந்த விலக்கு எனக்குச் சம்மதமில்லை. அப்படிப்பட்ட வழக்குகளிலும் தவறு நடக்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனைத் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 என்று தேதி குறித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தடையால் அது நின்றது. அவர் வாக்குமூலத்தின் ஒரு பகுதியை எழுதாமல் விட்டேன் என்று, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல்தான் வெளியே சொன்னார். வணக்கம்.