சீக்ரெட் கார்டன்ல ஆயா பாடின பாட்டு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, ரெண்டு வரிசை காலியாத்தான் கெடக்கு.

சின்ன வயசுல உசுரா படிச்ச ஒரு நாவல இந்த வயசுல திரும்பப் படிச்சா எப்படி இருக்கும்னு பேசச் சொன்னாங்க. நான் எடுத்துக்கிட்டது பிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதின தி சீக்ரெட் கார்டன். 1911ல புக்கா வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1910 கடைசியிலேயே அமெரிக்காவுல ஒரு பத்திரிகையில தொடர்கதையா ஆரம்பிச்சிருச்சு, அதுவும் பெரியவங்க படிக்கற பத்திரிகையில. அதனால "இந்த வயசுல குழந்தைங்க புக்கா"ன்னு வீட்ல யாராவது சிரிச்சா இதச் சொல்லுங்க, இதோட மொத வாசகருங்களே நம்ம வயசுக்காரங்கதான்.

நம்மள்ல பாதிப்பேரு இத சுருக்கின பதிப்புலதான் படிச்சிருப்போம், ஸ்கூல் லைப்ரரில கெடைக்குமே, பெரிய எழுத்து, நடுவுல படம், நூறு பக்கத்துக்குள்ள கதைய முடிச்சிருப்பாங்க. அதுல நமக்கு என்ன நின்னுச்சு? அப்பா அம்மா இல்லாத ஒரு பொண்ணு, இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் பொட்டல் காட்டுக்கு நடுவுல நூறு ரூம் உள்ள மாமா வீடு, பத்து வருஷமா பூட்டிக் கெடக்கற தோட்டம், சாவி எங்க இருக்குன்னு காட்டிக்கொடுக்கற ராபின் குருவி, ராத்திரியில எங்கேர்ந்தோ கேக்கற அழுக சத்தம். அந்தக் கதவு தொறக்கற இடம் வரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு படிச்சோம், அதுக்கு முன்னாடி வர்ற அத்தியாயமெல்லாம் கதவுக்குப் போற வழி, அவ்வளவுதான். முழுப் புத்தகத்த இப்ப கையில எடுத்தா மொத அத்தியாயத்துலயே மாட்டிக்கறோம்.

மொத அத்தியாயம் நடக்கறது இந்தியாவுல. மேரி லெனாக்ஸ், ஒம்பது வயசு, அப்பா பிரிட்டிஷ் அதிகாரி, அம்மா அழகி, பார்ட்டி பார்ட்டியா போறவ, புள்ளையே வேண்டாம்னு இருந்தவ. பொறந்த உடனே மேரிய ஆயா கையில குடுத்து என் கண்ணுல படாம பாத்துக்கோன்னு சொல்லிட்டா. ஊருக்குள்ள காலரா வந்துடுச்சு. ரெண்டு வாரம் முன்னாடியே மலைக்குப் போயிருக்கணும், ஒரு டின்னர் பார்ட்டிக்காக தங்கிட்டேன்னு அந்தம்மா ஒரு ஆபீசர்கிட்ட பொலம்பறா, அந்த வரி சின்ன வயசுல கண்ணுலயே படல எனக்கு. இப்ப படிச்சா அடப்பாவின்னு வாய்விட்டே வருது.

அன்னிக்குக் காலையில மேரி எந்திரிக்கறா, ஆயா வரல. வேற ஒரு வேலைக்காரி வந்து நிக்கறா, ஆயா வரமாட்டாங்கறா. மேரிக்குக் கோவம், அந்த வேலைக்காரிய அடிக்கறா ஒதைக்கறா. அப்புறம் தனியா வெளிய போயி வராண்டா பக்கத்துல மரத்தடியில மண்ணக் குமிச்சு அதுல பெரிய செம்பருத்திப் பூவ குத்திக் குத்தி வெச்சு பாத்தி கட்டி விளையாடறா, விளையாடிக்கிட்டே ஆயா திரும்பி வந்தா என்னென்ன திட்டலாம்னு முணுமுணுக்கறா, பன்னி, பன்னிக்குப் பொறந்தவளேன்னு. ஆயா அந்தப் பக்கம் காலரால செத்துக்கிட்டிருக்கா, மேரிக்குத் தெரியாது.

இதுல ரெண்டு விஷயம் நீங்க கவனிக்கணும். ஒண்ணு, இந்த நாவல்ல வர்ற மொத தோட்டம் யார்க்‌ஷயர்ல இல்ல, இந்த செம்பருத்திப் பாத்திதான். வேர் இல்லாத பூ, சாயங்காலம் வாடிடும். ரெண்டாவது, ஆயாவுக்கு ஒரு பேர் இருக்கு. சைடி. அவ பேரே சொல்லாத கேரக்டர்னு பல பேர் எழுதியிருக்காங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன், ஆனா இருக்கு, மேரி திட்டறதுக்காக மனசுக்குள்ள வார்த்தை சேக்கறா பாருங்க, சரியா அந்த வரியில மட்டும் வருது. மத்த எடத்துலயெல்லாம் வெறும் ஆயாதான். ஒரு மனுஷிக்கு நாவலாசிரியர் பேர் வெச்சு அத பன்னின்னு திட்டற எடத்துல மட்டும் செலவு பண்றாங்க. பர்னெட் இத வேணும்னு பண்ணாங்களா, கை போன போக்குல வந்துச்சா, என்னால சொல்ல முடியல. எனக்கென்னவோ கை போன போக்குதான்னு தோணுது, அதுதான் இன்னும் உறுத்துது.

அப்புறம் யார்க்‌ஷயர். வேலைக்காரப் பொண்ணு மார்த்தா வெகுளியா சொல்றா, இந்தியாவுலேர்ந்து வர்றீங்கன்ன உடனே நீங்க கறுப்பா இருப்பீங்கன்னு நெனச்சேன்னு. மேரிக்கு வருது பாருங்க கோவம், என்னை நேட்டிவ்னா நெனச்ச, அவங்கல்லாம் மனுஷங்களே இல்ல, நமக்கு சலாம் போட வேண்டிய வேலைக்காரங்கங்கறா. கோவம் வந்தா ஆயாவ கன்னத்துல அறையறது பழக்கம், இவள அறைஞ்சா என்ன பண்ணுவான்னு யோசிக்கவும் செய்யறா. இந்தப் பக்கத்த படிக்கும்போது, நாம எந்தப் பக்கம் நின்னு இந்தக் கதைய ரசிச்சோம்னு ஒரு கேள்வி வரும். பத்து வயசுல நான் மேரியாத்தான் இருந்தேன், வேற யாரா இருக்க முடியும், கதை அவ பின்னாடிதானே போகுது.

நாவல் முழுக்க ஒரு கணக்கு ஓடுது. இந்தியான்னா வெயில், நோய், சோம்பேறித்தனம், மஞ்சப் பூத்த மூஞ்சி. இங்கிலாந்துன்னா காத்து, பசி, செவந்த கன்னம். மேரி அங்க போன உடனே சாப்பிட ஆரம்பிச்சு சதை போட்டு நல்ல புள்ளையாயிடறா. பர்னெட் பொறந்தது 1849ல மான்செஸ்டர்ல, 1865ல குடும்பத்தோட அமெரிக்காவுல டென்னஸி போயிட்டாங்க. அவங்க எழுதின இந்தியா நாடகத்துல தொங்கற பின்னணித் திரை மாதிரி, முன்னாடி நிக்கறவங்களுக்கு வாகா வரைஞ்சது. சரி, அந்தக் காலத்து ஆளு, அப்படித்தான் எழுதுவாங்கன்னு சொல்லி இத மூடி வெச்சிடலாம். நான் மூட மாட்டேன், ஏன்னா பதிமூணாவது அத்தியாயம் இருக்கு.

அங்கதான் மேரி ராத்திரி அழுக சத்தத்த தேடிப்போயி காலின கண்டுபிடிக்கறா. மாமாவோட பத்து வயசுப் பையன், படுக்கையிலயே கெடக்கறான், முதுகு கூனிடும், செத்துடுவேன்னு அவனே நம்பறான். ராத்திரி தூக்கம் வரல. டாக்டர், நர்ஸ், மருந்து, பணம் எல்லாம் இருந்தும் முடியாதத மேரி பண்றா. எப்படி? இந்தியாவுல என் ஆயா செய்யற மாதிரி செய்யறேன்னு சொல்றா. கையப் பிடிச்சு மெதுவா தட்டிக்குடுத்து, வருடி, ரொம்பத் தாழ்வான குரல்ல ஹிந்துஸ்தானியில ஒரு பாட்டப் பாடறா. நல்லாருக்குங்கறான், தூங்கிடறான்.

இத திரும்பப் படிச்சப்ப நான் புத்தகத்த கீழ வெச்சிட்டேங்க. அந்த வீட்ல மொத தடவை ஒரு நோயாளிப் புள்ளைக்கு நிம்மதி வருது, அது யார்க்‌ஷயர் காத்துனால இல்ல, தோட்டத்துனாலயும் இல்ல, அவன் இன்னும் தோட்டத்தப் பாக்கவே இல்ல. செத்துப்போன ஒரு இந்தியப் பொம்பளையோட கை அது, அவ பாட்டு அது. மேரிக்கு இன்னொரு உயிர எப்படித் தொடணும்னு யார் கத்துக்குடுத்தா? பெத்தவ தொட்டதே இல்ல. சைடி தொட்டிருக்கா, அறை வாங்கிக்கிட்டே தட்டித் தூங்க வெச்சிருக்கா. அப்புறம் காலின் பெரிய ரகளை பண்ணி அடங்கற எடம் வருதே, அங்கயும் மேரி கேக்கறா, ஆயாகிட்ட கத்துக்கிட்ட பாட்ட பாடவான்னு. நர்ஸ் நகர்ந்தப்புறம் பாட்டுக்குப் பதிலா, பூட்டின தோட்டம் உள்ள எப்படி இருக்கும்னு அதே தாழ்ந்த குரல்ல சொல்ல ஆரம்பிக்கறா. தாலாட்டு எங்க முடியுது தோட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்கவே முடியாது அந்தப் பக்கத்துல. நாவலோட மேல் கணக்கு இந்தியா நோய், இங்கிலாந்து மருந்துங்குது. உள் கணக்குல மொத டோஸ் மருந்து இந்தியாவுலேர்ந்துதான் வந்திருக்கு, அந்தக் கடன புத்தகம் எங்கயும் வரவு வைக்கல. நான் இன்னிக்கு சொல்ல வந்தது இதுதான், மத்ததெல்லாம் இதச் சுத்தி.

நிஜத்துல இந்த ஆயாக்கள் எத்தனையோ பேர், துரை வீட்டுப் புள்ளைங்கள பாத்துக்கிட்டு கப்பல்ல லண்டன் வரைக்கும் போனாங்க, போன எடத்துல சில பேர அப்படியே கைகழுவி விட்டுட்டாங்க. அப்படி நின்னவங்களுக்கு லண்டன்ல ஆயாஸ் ஹோம்னே ஒரு விடுதி இருந்துச்சு, ஹாக்னி பகுதியில இருந்த அந்தக் கட்டடத்துக்கு 2022ல நினைவுப் பலகை வெச்சிருக்காங்க. நாவல் வந்த காலத்துல அந்த விடுதி நடந்துக்கிட்டிருந்துச்சு.

இன்னொரு ஆள், சின்ன வயசுல நாம தாண்டிப் போன ஆள், மார்த்தாவோட அம்மா சூசன் ஸோவர்பி. பன்னெண்டு புள்ளைங்க, புருஷன் கொண்டுவர்றது வாரத்துக்கு 16 ஷில்லிங். மேரி கஞ்சி வேணாம்னு தள்ளி வெக்கறப்ப மார்த்தா வாயப் பொளக்கறா, எங்க வீட்டுக் கொழந்தைங்க இத வழிச்சு நக்கிடும்னு. அந்தம்மா மகளோட சம்பளத்துலேர்ந்து ரெண்டு பென்னி எடுத்து முன்னபின்ன பாத்திராத பணக்காரப் பொண்ணுக்கு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி அனுப்பறா. காலின் தேறிட்டத மறைக்கறதுக்காக பசங்க ரெண்டும் வீட்ல பட்டினி நடிக்குதுங்களே, அப்ப பாலும் சுடச்சுட பன்னும் குடுத்துவிடறா. இதுல பர்னெட்ட நான் மெச்சற எடம் ஒண்ணு இருக்கு, பசங்களுக்கே ஒரு நாள் உறைக்குது, அந்தம்மா பதினாலு வயித்துக்குப் பொங்கிப் போடணுமேன்னு, உடனே சில்லறைய அனுப்பி வாங்கிக்கச் சொல்றாங்க. மளிகை பில்லு கட்டற வயசுலதான் இந்த வரி கண்ணுல படும்.

காலினோட அப்பா, அதான் மேரியோட மாமா, ஆர்ச்சிபால்ட் கிரேவன். அவர சின்ன வயசுல வில்லன்னு நெனச்சேன். பொண்டாட்டி தோட்டத்துல மரக்கெளையிலேர்ந்து விழுந்து செத்தா, கதவப் பூட்டி சாவியப் பொதச்சிட்டு, நார்வே, ஆஸ்திரியா, இத்தாலின்னு சுத்தறாரு. புள்ளைக்கு டாக்டர், நர்ஸ், பொம்மை, புக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாரு, மூஞ்சியப் பாக்க மட்டும் தைரியம் இல்ல, அவன் தூங்கறப்ப வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாரு. பணம் அனுப்பிட்டேன்ல, இன்னும் என்ன பண்ணணும்னு கேக்கற அப்பாக்கள் நம்ம பக்கமும் இருக்காங்க, இந்த ஹால்லயே இருக்கலாம், யாரையும் பாக்கல நான். பர்னெட்டுக்கு அந்த துக்கம் தெரியும். அவங்க மூத்த மகன் லயனல் 1890ல பாரீஸ்ல டிபியில செத்தான், பதினாறு வயசு. படுக்கையில கெடக்கற பையன் எந்திரிச்சு ஓடறான்னு ஒரு அம்மா எழுதறதுக்குப் பின்னாடி அது இல்லாம இருக்குமா. அதுக்காக, மனசு வெச்சா நோய் போயிடுங்கற கருத்த நான் ஒத்துக்கல. சக்கர நாற்காலியில இருக்கற ஒரு புள்ளை இதப் படிச்சா அவ்வளவு சந்தோஷப்படாது.

கடைசிப் பகுதியில எனக்கு பெரிய சண்டையே இருக்கு. மேரி கண்டுபிடிச்ச தோட்டம், மேரி தூங்க வெச்ச பையன், ஆனா பாதிக்கு மேல புத்தகம் காலின் கைக்குப் போயிடுது. மந்திரம்ங்கறான், லெக்சர் குடுக்கறான், எல்லாரையும் வட்டமா உக்கார வெக்கறான். கடைசி அத்தியாயத்துல ஓடிவந்து அப்பா மேல மோதி என்னால மேரிய ஜெயிக்க முடியும்ங்கறான். மேரி பின்னாடி எங்கயோ வர்றா. ஆயாவுக்கு நடந்தது கொஞ்சம் மேரிக்கும் நடக்குது, உழைச்சவள விட்டுட்டு கதை வாரிசோட நடந்து வீட்டுக்குப் போயிடுது. பத்து வயசுல நானே கை தட்டினேன் அதுக்கு.

படங்கள் பத்தி ஒரு வார்த்தை. 1993ல வந்ததுல காலராவுக்குப் பதிலா நிலநடுக்கம், 2020 படத்துல கதையவே 1947 பிரிவினை நேரத்துக்குத் தள்ளிட்டாங்க. ஏன்னு புரியுது, அந்த மொத அத்தியாயம் எல்லாருக்கும் சங்கடம். புள்ளைங்களுக்குக் குடுக்கும்போது அந்த எடத்த வெட்டிடலாமான்னு போன வாரம் ஒரு டீச்சர் கேட்டாங்க. வெட்டாதீங்க. பன்னிங்கற வரிய வெட்டினா சைடிங்கற பேரும் அதோட போயிடும், அப்புறம் அந்தப் பாட்ட யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுவீங்க? கூட உக்காந்து படிங்க, கேள்வி கேட்டா பதில் சொல்லுங்க.

பர்னெட் உயிரோட இருந்தப்ப அவங்களுக்குப் பேரு வாங்கிக் குடுத்தது வேற நாவல், 1886ல வந்த லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய். அத இப்ப எத்தனை பேர் படிக்கறாங்க? 1924ல அவங்க போனப்புறம்தான் இந்தத் தோட்டம் மெல்ல மெல்ல மேல வந்துச்சு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல அவங்க நினைவா ஒரு நீரூற்று வெச்சிருக்காங்க, ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருக்கா, பக்கத்துல ஒரு பையன் சாஞ்சு உக்காந்து குழல் ஊதறான். மேரியும், மார்த்தாவோட தம்பி டிக்கனும்னு சொல்றாங்க. காலின வெக்கல, பாருங்க, அதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சரி, மைக்க அந்தப் பக்கம் குடுங்க, காலின் கட்சிக்காரங்க யாராவது இருந்தா மொதல்ல அவங்க பேசட்டும்.