கை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா? அறுபதில் யோகா தொடங்கும் சேலத்துக்காரர்களுக்கு

[திரையில்: வெறும் தரை, விரித்த பாய்]

கையை ஊன்றாமல், சுவரைப் பிடிக்காமல், முழங்காலைத் தரையில் பதிக்காமல் உங்களால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா? இப்போதே முயன்று பார்க்க வேண்டாம். முழங்கால் வலியோ தலைச்சுற்றலோ இருப்பவர்களும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. ஆனால் இந்தக் கேள்விக்கான விடை, சர்க்கரை அளவும் கொழுப்பு அளவும் அச்சிட்டுத் தரும் பரிசோதனை அறிக்கையில் இல்லாத சில செய்திகளை உங்களுக்குச் சொல்லும். "இந்த வயசுக்கு மேல என்ன பயிற்சி" என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு இந்தக் காணொளியைப் பாருங்கள்.

இந்த அசைவை ஒரு மருத்துவச் சோதனையாகவே வடிவமைத்தவர் பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோ. உட்கார்வதற்கு 5, எழுவதற்கு 5 என மொத்தம் 10 மதிப்பெண்கள். கை, முன்கை, முழங்கால், காலின் பக்கவாட்டு என எதை ஊன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண் போய்விடும். தடுமாறினால் அரை மதிப்பெண் குறையும். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரிடம் இந்தச் சோதனையை நடத்தி, அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2012-இல் அவருடைய குழு முடிவை வெளியிட்டது. 8 முதல் 10 வரை பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, 3 மதிப்பெண்ணைத் தாண்டாதவர்கள் அந்தக் காலத்திற்குள் இறந்துபோகும் வாய்ப்பு 5 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. மதிப்பெண் குறைந்ததால் யாரும் இறந்துவிடவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொடைத் தசையின் பலம், இடுப்பு மற்றும் கணுக்காலின் நெகிழ்வு, உடலின் சமநிலை ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து இருக்கின்றனவா என்பதை அந்த ஒற்றை அசைவு வெளிக்காட்டிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது நம் சேலம்தான். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகளில் நாள் முழுவதும் தரையில் அமர்ந்து வெள்ளியைப் பற்றவைத்தவர்களும், அம்மாப்பேட்டையிலும் குகையிலும் குழித்தறிக்குள் கால்களை இறக்கி மிதியை மிதித்து நெய்தவர்களும் ஒரு நாளில் பலமுறை தரை மட்டத்திலிருந்து எழுந்தே ஆக வேண்டும். அந்த வேலைகள் உடலுக்கு நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. மணிக்கணக்கில் குனிந்திருந்து இடுப்பையும் கழுத்தையும் கெடுத்துக்கொண்டவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எழுந்திருக்கும் அந்த ஓர் அசைவைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். பந்தியில் மேசை வந்தது, கூடத்தில் சோபா வந்தது, கோயில் மண்டபத்தில்கூட வயதானவர்களுக்கு என்று பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. இவையெல்லாம் அன்பினால் செய்யப்பட்ட ஏற்பாடுகள்தாம் என்றாலும், தரைக்கும் நமக்கும் இருந்த தொடர்பு இவற்றால்தான் அறுந்துபோனது.

உங்கள் வீட்டுப் பெரியவர் தரையிலிருந்து எழுவதை இனி ஒருமுறை உன்னிப்பாகக் கவனியுங்கள். முதலில் வலது உள்ளங்கையைத் தரையில் பதிப்பார். உடலை ஒரு பக்கமாகத் திருப்பி ஒரு முழங்காலை ஊன்றுவார். இன்னொரு கையால் கட்டில் காலையோ பீரோவின் விளிம்பையோ தேடுவார். எழுந்து நின்ற பிறகும் ஒரு நொடி அசையாமல் நின்று, அதற்குப் பிறகுதான் முதல் அடியை எடுத்து வைப்பார். அந்த ஒரு நொடி நிற்பது எதற்காக என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், தலை ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது என்பார், அல்லது கால் நம்பிக்கையாக இல்லை என்பார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தரையைத் தவிர்ப்பதும், தவிர்ப்பதாலேயே கால் மேலும் பலவீனமாவதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

காரணம் சுருக்கமாக இதுதான்: 30 வயதைத் தாண்டிய பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, 60-க்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது.

போன தசை திரும்புமா? திரும்பும் என்பதற்கு நான் மிகவும் நேசிக்கும் சான்று ஒன்று உண்டு. பலரும் இந்த இடத்தில் கோவை நானம்மாள் பாட்டியைத்தான் காட்டுவார்கள். 1920-இல் பிறந்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்று, 99-ஆம் வயது வரை வாழ்ந்த அவர் போற்றுதலுக்குரியவர். ஆனால் அவர் சிறுவயதிலேயே யோகா கற்றவர். அறுபதில் முதல்முறையாகப் பாய் விரிப்பவருக்கு அவரைக் காட்டினால், "அவங்க சின்ன வயசுலேர்ந்து செஞ்சவங்க" என்ற பதில் தயாராக இருக்கும், அந்தப் பதிலில் நியாயமும் உண்டு. ஆகவே நான் காட்டுவது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 10 பேரை. சராசரி வயது 90, எல்லோரும் தளர்ந்துபோனவர்கள். மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழு அவர்களுக்கு 8 வாரம், வாரத்திற்கு மூன்று நாள், தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். கைப்பிடியை அழுத்தாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் அப்படி எழுந்தார். இது வெளியானது 1990-இல்.

இதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண் இருக்கிறது, இந்தக் காணொளியை நான் எடுத்ததே அதற்காகத்தான். பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில், பெற்ற உச்ச பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. அதாவது, தொடங்குவதற்கு வயது தடையில்லை; விட்டுவிட்டால்தான் இழப்பு. எனவே முதியவர்களுக்கு எந்த ஆசனம் சிறந்தது என்று கேட்பதைவிட, அடுத்த ஆண்டும் அவர்கள் பாயில் நிற்பதற்கு எது உதவும் என்று கேட்பதே பயனுள்ளது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போய், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனி கலையாத காலையில் இரண்டு நாள் யோகா முகாமில் கலந்துகொள்வது மனத்திற்கு மிகவும் இதமான அனுபவம். ஆனால் உங்கள் அம்மாவுக்குப் பணம் செலவழிக்க நினைத்தால், அந்த முகாமைவிட அவர் நடந்து போகக்கூடிய தூரத்தில் தினமும் நடக்கும் வகுப்பைத் தேடிக் கொடுங்கள்.

[திரையில்: மொட்டைமாடி, விடியும் முன்]

கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் காலை ஐந்தரை மணிக்கு நடக்கும் ஒரு வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் 55 வயதைக் கடந்தவர்கள். சுடிதார் அணியத் தயங்கிய பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்திருந்தார்கள். அதற்காக யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை, கால்களை அகலமாக விரிக்கும் நிலைகளை மட்டும் ஆசிரியை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுத்தார். கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்றார். உள்ளங்காலைத் தொடையில் வைக்க முடியாததால் கணுக்காலோடு ஒட்டி வைத்திருந்தார். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் மெல்ல அந்த விரலையும் எடுத்தபோது, பக்கத்தில் நின்ற அம்மா தன் ஆசனத்தை விட்டுவிட்டு, அவர் சாய்ந்தால் பிடிப்பதற்காக அரை அடி நெருங்கி நின்றார். அந்த அம்மாவிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. 10 நொடி ஒற்றைக் காலில் நிற்க முடியாத நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்ததை அராவுஜோவின் குழு 2022-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு காட்டியது. எனக்கு அந்த ஆய்வின் எண்கள் எல்லாம் அந்த மாடியில் மறந்துபோயின.

வகுப்பு முடிந்ததும் பாயைச் சுருட்டிவிட்டு யாரும் உடனே கிளம்பவில்லை. பிளாஸ்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றிக்கொண்டே ஒருவர் கைப்பேசியில் அழைத்தார்: "ஏங்க்கா, ரெண்டு நாளா காணோம், உடம்புக்கு முடியலீங்களா?" மழையில் மாடிப்படி வழுக்குகிறது, பயமாக இருக்கிறது என்று மறுமுனையிலிருந்து பதில் வந்தது. "நாளைக்கு நான் வண்டியில வந்து கூட்டிக்கிறேன், படியில கையைப் பிடிச்சுக்கலாம் வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்தார். கண்புரை அறுவை சிகிச்சைக்குத் துணைக்குப் போவது, மனைவியை இழந்தவர் வீட்டுக்குச் சாம்பார் கொடுத்தனுப்புவது என்று அந்த வகுப்பின் வேலைகள் ஆசனங்களைத் தாண்டியும் நீள்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட்டின் குழு 148 ஆய்வுகளைத் தொகுத்து, 3 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசி 2010-இல் கண்டறிந்ததும் இதை ஒட்டியதுதான்: வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீடுகள் மிகுந்த நம் ஊரில், வராத நாளைக் கவனித்துக் கேட்கும் ஒருவர் கிடைப்பதை நான் மருந்துக்கு நிகராகவே மதிக்கிறேன்.

எந்த முறை யோகா என்பதில் நான் நெடுநேரம் செலவிடப் போவதில்லை. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய முறை உடற்பயிற்சி, கைப்பயிற்சியில் தொடங்கி உடல் தளர்த்தலில் முடியும். அதில் பெரும்பகுதியை மூட்டுகளுக்குச் சிரமமில்லாமல் செய்யலாம். அதைக் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றங்கள் நம் பகுதியில் பரவலாக இருப்பதால் தேடுவதும் எளிது. சிறுவயதில் நோயாளியாக இருந்த யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் கயிறு, மரக்கட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு ஆசனங்களை வடிவமைத்தார். முட்டி வளையாதவர்களுக்கு அந்த வழி நல்லது. எதுவானாலும், கண்ணை மூடி அமர்வதோடு முடிந்துவிடாமல், உத்கடாசனம், வீரபத்ராசனம் போன்று கால் தசைக்கு வேலை கொடுக்கும் நிற்கும் ஆசனங்கள் அந்த வகுப்பில் இருக்கட்டும். பாஸ்டனில் நடந்தது எடைப் பயிற்சி. மூச்சுப் பயிற்சியால் மட்டும் தொடை வலுப்பெறாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலையும் தசை வலுவும் கூட்டும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்திருக்கிறது.

சேருவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உயர் ரத்த அழுத்தமோ கிளாகோமா என்ற கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும் மூச்சை அடக்குவதையும் தவிர்க்க வேண்டும். எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய் உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாக முன்குனிவது முதுகெலும்பு முறிவில் போய் முடியலாம். உங்கள் நோய்களைப் பற்றி முதல் நாளே கேட்காத ஆசிரியரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள்.

அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாப்பேட்டை, கோரிமேடு, ஏற்காடு அடிவாரம் என எங்கே இருந்தாலும், உங்கள் பகுதியில் பெரியவர்கள் கூடிச் செய்யும் காலை வகுப்பு ஒன்று நடந்தால், அதன் இடத்தையும் நேரத்தையும் கீழே எழுதுங்கள். மாடிப்படி ஏற வேண்டுமா, நாற்காலியில் அமர்ந்து செய்ய வசதி உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முழங்கால் வலியோடு தேடுபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். யாருடைய கைப்பேசி எண்ணையும் பதிவிட வேண்டாம். வந்த பதில்களைப் பகுதிவாரியாகத் தொகுத்து அடுத்த காணொளியில் தருகிறேன்.