கூமுட்டையும் கைநாட்டும்

எல்லாருக்கும் வணக்கம். ஒருவரை முட்டாள் என்று திட்ட நாம் எடுக்கும் சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மாம்பழத்துக்குப் பேர்போன சேலத்தில் நின்றுகொண்டு பேசுவதால் மாங்கா மடையனிலிருந்தே தொடங்குகிறேன். மடம் என்றால் அறியாமை. அதை உடையவன் மடையன். சரி. ஆனால் அகராதியில் அவனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மடையன் இருக்கிறார். அவர் சமையல்காரர். கோயில் மடைப்பள்ளியில் இருப்பது அவருடைய மடை.

எனக்கு மிகவும் பிடித்த வசவு கூமுட்டை. கூழ்முட்டைதான் பேச்சில் அப்படித் தேய்ந்தது. கோழி அடை வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். 21 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளியே வந்தபிறகும் கூடையில் ஒன்றிரண்டு முட்டை அப்படியே கிடக்கும். என் அம்மா அதை எடுத்துக் காதோரம் வைத்து மெதுவாக ஆட்டிப் பார்ப்பார். உள்ளே களக் களக்கென்று கேட்டால் கூமுட்டை, நேரே எருக்குழிக்குப் போகும். வெளியே ஓட்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த ஓட்டை ஒரு மனிதனின் மண்டையோடு ஒப்பிடத் தோன்றியவர் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும். டியூப்லைட்டும் அதே மாதிரி கண்ணால் பார்த்துப் பிறந்த சொல்தான். இப்போது எல்இடி வந்துவிட்டது. சிமிட்டிச் சிமிட்டி எரியும் விளக்கைப் பார்த்தேயிராத பிள்ளைகளும் நண்பனை டியூப்லைட் என்கிறார்கள்.

இவையெல்லாம் வீட்டிலும் தெருவிலும் பிறந்தவை. மருத்துவ ஏட்டில் பிறந்த வசவும் உண்டு. மோரான் என்ற ஆங்கிலச் சொல்லை 1910இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கோடார்ட் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து உண்டாக்கினார். 8 முதல் 12 வயதுக் குழந்தையின் அறிவளவோடு நின்றுவிட்ட பெரியவர்களுக்கு அவர் வைத்த வகைப்பெயர் அது. சீக்கிரமே தெருச்சண்டைக்கு வந்துவிட்டது.

அப்புறம் தற்குறி. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகத் தானே இடும் குறிதான் தற்குறி. குறியின் பெயரே ஆளின் பெயராகி, பிறகு வசவாகிவிட்டது. கைநாட்டு என்பதும் இப்படித்தான்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். சம்பள நாளில் கணக்கர் மைப்பெட்டியை நகர்த்திவிட்டு, "ஏ தற்குறி, இங்க அழுத்து" என்பார். அப்பா பெருவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் உருட்டி வைப்பார். காபிச் செடியில் பழுத்ததை மட்டும் பறிக்கிற விரல்கள் அவருக்கு. கூடையில் ஒரு பச்சைக்காய் விழாது. தன் பெயரை எழுத மட்டும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வள்ளுவர் பேதைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அதில் எழுதப் படிக்கத் தெரியாதவரை அவர் தேடிப் பிடிக்கவில்லை. "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்" என்கிறார். படித்து, புரிந்து, ஊருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு, தான் மட்டும் அதன்படி நடக்காதவன்தான் அவர் கண்ட பெரிய முட்டாள். அந்தக் கணக்கரின் மேசையில் தினசரி காலண்டர் இருந்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு குறள்.

என்னைக் கூமுட்டை என்று யாராவது சொன்னால் கோபம் வராது. தற்குறி என்ற சொல்லை மட்டும் இன்றுவரை நான் யார்மீதும் எறிந்ததில்லை. அப்பா மைவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார், கணக்கருக்கு வணக்கம் சொல்வார், என் கையைப் பிடித்துக்கொண்டு பொரி வாங்கக் கிளம்புவார்.