எம்.ஜி. மிட்ஜெட் வாங்கி விக்கப் போறீங்களா? பொனட்டைத் திறக்க முதல் கதவைப் பாருங்க

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு நேர காருக்கே போவம். இதுதான் எம்.ஜி. மிட்ஜெட் எண்ட ரெண்டு சீட் பழைய இங்கிலீஷ் ஓப்பன் கார், 1966க்குப் பிறகு வந்த 1275 சி.சி. மாடல். பொனட்டை இப்ப திறக்க மாட்டன். முதல்ல கதவுக்குப் பின்பக்கம் இருக்கிற இந்த இடைவெளியைப் பாருங்க. கெமராவக் கிட்டக் கொண்டு வாறன். கீழ சின்னி விரல் போகுது. மேல வரக்குள்ள கடதாசி கூடப் போகாது. கார் நடுவால தொய்ஞ்சு போச்சு எண்டதுதான் இதுக்கு அர்த்தம்.

வாங்கி விக்கிற ஆக்கள் கூடுதலாப் பிழை விடுறது இந்த இடத்துலதான். பெயின்ட் மினுங்குது, இஞ்சின் ஒரு அடியில ஸ்டார்ட் ஆகுது, உடனே காசை எடுத்து நீட்டுறாங்க. மிட்ஜெட்டைப் பொறுத்தவரைக்கும் இஞ்சின் பழுது சின்னச் செலவு. தகடும் சி.ஆர். எண்ட பதிவுப் புத்தகமும்தான் பெரிய செலவு. ஓடாத இஞ்சினோட நல்ல பொடி கிடைச்சா வாங்குங்க. நல்ல இஞ்சினோட உக்கின பொடி கிடைச்சா விட்டுட்டு வாங்க.

ஏன் அப்பிடிச் சொல்றன் எண்டா, இதுக்குள்ள கிடக்கிறது ஏ-சீரிஸ் இஞ்சின். 1951ல ஒஸ்டின் ஏ30ல வந்த அதே குடும்பம். எங்கட ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச மொரிஸ் மைனர் 1000ல இருக்கிறதும் இதுதான். 1961ல வந்த முதல் மிட்ஜெட் 948 சி.சி., 1962 கடைசியில 1098, 1966ல 1275. மைனருக்கும் 948, 1098 ரெண்டும் வந்திருக்கு. அதால மைனர் பாத்துப் பழகின மெக்கானிக் பாஸ்மார் கல்முனையிலயும் ஏறாவூரிலயும் இந்த இஞ்சினைக் கண்டு பயப்பட மாட்டாங்க. டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட், கொண்டென்சர், ரோட்டர், தண்ணிப் பம்ப் மாதிரிக் கனக்கச் சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையளில மைனருக்கெண்டு கேட்டாலே எடுக்கலாம். 1974க்குப் பிறகு வந்த கறுப்பு ரப்பர் பம்பர் மாடல் மட்டும் வேற. அதுல 1493 சி.சி. ட்ரையம்ப் இஞ்சின். அதுக்கு இந்தக் கதை பொருந்தாது.

இப்ப பொனட்டைத் திறப்பம். இஞ்சினைக் கேட்க இல்ல, நம்பரைப் பார்க்க. இடப்பக்க முன் வீலுக்கு மேல உள்பக்கத் தகட்டில சின்னப் பிளேட் ஒண்டு இருக்கும், அதுலதான் செசி நம்பர். ஜி.ஏ.என். 1 எண்டா 948. ஜி.ஏ.என். 2ம் 3ம் 1098. ஜி.ஏ.என். 4ம் 5ம் 1275. ஜி.ஏ.என். 6 ரப்பர் பம்பர். இதே காரை ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் எண்ட பேர்லயும் வித்தவங்க, அதுல எச்.ஏ.என். எண்டு தொடங்கும். இஞ்சின் நம்பர் வலப்பக்கம், டைனமோவுக்கு மேல, புளொக்கில ஆணி அடிச்ச தகட்டில இருக்கும். 1275 எண்டா 12 எண்டு தொடங்க வேணும். அங்க 10எம்.ஏ. எண்டோ 9எம். எண்டோ இருந்தா அது மைனர் இஞ்சின். கார் ஓடும், பிழை இல்ல. ஆனா 1275 விலை குடுக்க ஏலாது.

அடுத்தது புத்தகம். செசி நம்பர், இஞ்சின் நம்பர், நிறம், உற்பத்தி ஆண்டு நாலையும் காரோட வச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாருங்க. இஞ்சின் மாத்திப் பதியாம விட்டிருந்தா, அதைச் சரியாக்கிற வேலை இனி உங்கட தலையில. கொழும்பில இருந்து வந்து வாங்குறவர் முதல்ல கேக்கிறதும் அதைத்தான். ஓப்பன் பேப்பர்ல, அதாவது பேர் மாத்தாம கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தோட, கனபேர்ட கை மாறி வந்த கார் எண்டா இன்னும் கவனம். கடைசியாப் பதிஞ்ச சொந்தக்காரர் ஆர், அவர் உயிரோட இருக்கிறாரா, பேர் மாத்துற எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்கள்ல கிடக்கிற கையெழுத்து அடையாள அட்டைக் கொப்பியோட ஒத்துப் போகுதா எண்டு பாருங்க. அவர் இறந்து போயிருந்தா வாரிசுப் பத்திரம் இல்லாம அந்தக் காருக்குக் காசு கட்டாதீங்க. பழைய ஸ்ரீ நம்பர் தகடு அப்பிடியே இருந்தா அதைக் கழட்டிப் புதுசு போடவும் வேணாம். இந்த மாதிரிக் கார் தேடுற ஆக்களுக்கு அந்த நம்பரும் காரில ஒரு பங்கு.

சரி, பொடிக்கு வருவம். இதுல நேரம் எடுங்க.

மிட்ஜெட்டில தனிச் செசி இல்ல. கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடுற சில்தான் காரைத் தாங்குது. மேல கூரையும் இல்லாததால சில் உக்கினா கார் நடுவால இறங்கும். நான் காட்டின இடைவெளி அப்பிடித்தான் ஒடுங்குது. காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி, சில் நீளத்துக்கு இழுத்துக் கொண்டு போங்க. பிடி விடுற இடத்துல தகடு இல்ல, கெட்டலோய் எண்ட பூச்சுப் பசைதான். பிறகு கதவைச் சாத்திப்போட்டு ஒரு பக்கத்தை ஜக் அடிச்சுத் தூக்குங்க. தூக்கின நிலையில கதவு திறக்க இறுகினா, இல்லாட்டி திறந்த கதவு திரும்பப் பூட்டாட்டி, உள்சில்லும் போயிற்று.

அடுத்து சீட்டுக்குப் பின்னால கார்ப்பெட்டைத் தூக்குங்க. பின் ஸ்பிரிங் முன்பக்கத்தால பொடியில பூட்டுற இடம் அதுக்குக் கீழதான். 1964க்கு முதல் வந்த காருக்கு முன்பக்கம் மட்டும் பொடியில பூட்டுற குவாட்டர் எலிப்டிக் ஸ்பிரிங், முழுப் பாரமும் அந்த ஒரு பெட்டியிலதான் நிக்கும். அது வெடிச்சிருந்தா அந்தக் காரை விடுங்க. பட்டரி வைக்கிற தட்டு, கதவுப் பிணைச்சல் தூணிட அடி, கால் வைக்கிற தரை, இதெல்லாம் ஸ்குரூ ட்ரைவர் பிடியால தட்டிப் பாருங்க. டங் எண்டு கேட்டா தகடு. பொத் எண்டு கேட்டா துரு.

எங்கட கிழக்குப் பக்கத்துல இதை ஏன் இவ்வளவு சொல்ல வேண்டிக் கிடக்கு? கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, எல்லாம் கடல் காத்து. ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். 2004 சுனாமித் தண்ணிக்குள்ளயோ 2011 தை வெள்ளத்துக்குள்ளயோ நிண்ட காருக்கு வெளியால எவ்வளவு வடிவாப் பெயின்ட் அடிச்சாலும் சில்லுக்குள்ள போன மணல் அங்கதான் கிடக்கும். சில் அடியில தண்ணி வடியிற துளையில ஒரு கம்பியை விட்டு இழுங்க. மணலும் சேறும் வந்தா விளங்கிடும். கடற்கரையை விட்டு உள்ள, அம்பாறை டவுன் பக்கம் கொட்டிலுக்குள்ள நிண்ட கார் கிடைச்சா அதுக்குக் கொஞ்சம் கூடக் குடுக்கலாம்.

சில் மாத்தத்தான் வேணும் எண்டா டிங்கரிங் செய்யிறவருக்கு ரெண்டு விசயம் கட்டாயம் சொல்லுங்க. ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரம் வெட்டக் கூடாது. வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்க இரும்புக் குழாய் வெல்ட் பிடிச்சுப் பூட்ட வேணும். தொய்ஞ்ச கார் எண்டா முதல்ல ஜக்கால நிமித்தி இடைவெளியைச் சரியாக்கிட்டுத்தான் குழாயைப் பூட்டுற. இல்லாட்டித் தொய்வோடயே புதுச் சில்லை ஒட்டிடுவாங்க, பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. 18 கேஜ் தகடு போதும். இடைக்கிடை கதவைப் பூட்டிப் பாத்துப் பாத்து வெல்ட் பிடிக்கச் சொல்லுங்க. தண்ணித் துளையை அடைக்க விடாதீங்க. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைங்க, விக்கக்குள்ள அது காசு.

இனி இஞ்சின். கார் சூடாகி இருக்கக்குள்ள ஓடுற நேரம் எண்ணெய் அழுத்தம் 40க்கும் 70 பி.எஸ்.ஐ.க்கும் இடையில, ஐட்லிங்ல 20 அளவில நிக்க வேணும். டேஷில ஒரே மீட்டர்ல எண்ணெயும் தண்ணிச் சூடும் காட்டும். நாலு பிளக்கையும் கழட்டிக் கொம்ப்ரஷன் பாருங்க, நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேணும். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் குறைஞ்சா கூடுதலா ஹெட் கேஸ்கட். ஒண்டு மட்டும் குறைஞ்சா அதுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரும்பப் பாருங்க. ஏறினா ரிங், ஏறாட்டி வால்வ்.

வால்வ் பற்றிச் சொல்ல வேணும். ஈயம் போட்ட பெற்றோலுக்குச் செய்த ஹெட் இது. இலங்கையில 2002ல ஈயப் பெற்றோல் நிண்டது. அதுக்குப் பிறகு வேகமா ஓடின காருக்கு எக்ஸோஸ்ட் வால்வ் இருக்கிற இடம் மெல்ல மெல்லத் தேஞ்சு வால்வ் உள்ள இறங்கும். அடையாளம் என்னெண்டா டெப்பெட் இடைவெளி திரும்பத் திரும்பக் குறையும். இஞ்சின் ஆறினாப்போல 12 தௌ (ஒரு இஞ்சியில ஆயிரத்தில 12 பங்கு) இருக்க வேணும். வச்சுக் கொஞ்ச நாளில ஒடுங்கினா ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் குடுத்து, நாலு எக்ஸோஸ்டுக்கும் கடின வால்வ் சீட் அடிக்க வேணும். இந்த வேலை செய்த ஹெட் எண்டு பில் காட்டினா வாங்குறவர் சந்தோசப்படுவார்.

பின்பக்கத்தால எண்ணெய்ச் சொட்டு விழுதா? இந்த இஞ்சினில கிரான்க் பின்முனைக்கு ரப்பர் சீல் இல்ல, எண்ணெயைத் திருப்பி அனுப்புற திருகு வெட்டு மட்டும்தான். கொஞ்சம் சொட்டும், அது இயல்பு. ஆனா குளமாத் தேங்கினா முதல்ல பிரீதர் குழாய் அடைச்சிருக்கா பாருங்க.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியிற பழக்கம் இஞ்ச கனக்க. வெயில் ஊர்தானே எண்டு சொல்லுவாங்க. இந்த இஞ்சினுக்கு அது பிழை. தண்ணி ஓடுற வழி மாறிப் பின் சிலிண்டர்தான் கூடச் சூடாகும். 74 பாகை தெர்மோஸ்டாட் போட்டு ரேடியேட்டரைக் கழுவினாப் போதும். ஓயில் 20டபிள்யூ-50. கியர்பொக்ஸுக்கும் கியர் ஓயில் இல்ல, அதே இஞ்சின் ஓயில்தான்.

ஐட்லிங் கூடிக் குறைஞ்சு ஆடினா உடனே காபரேட்டர் மாத்தப் போகாதீங்க. எஸ்.யு. காபரேட்டர் ரெண்டிலயும் மேல மூடியைக் கழட்டி எண்ணெய் இருக்கா பாருங்க. பிறகு அதுக்குள்ள இருக்கிற பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவா மட்டும் தூக்குங்க. வேகம் கொஞ்சம் ஏறி உடனே இறங்கினா சரியான கலவை. ஏறினது ஏறினபடி நிண்டா பெற்றோல் கூட. நிக்கப் போனா பெற்றோல் குறைவு. இதுக்கெல்லாம் பிறகும் ஆடினா திரொட்டில் தண்டு தேஞ்சு காத்து இழுக்குது.

ஓடிப் பாக்கக்குள்ள கிளச்சுக்குக் கவனம். நாலாம் கியர்ல கல்லடிப் பாலம் ஏறக்குள்ள அக்சிலேட்டரை அமத்துங்க. இஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாட்டி கிளச் வழுக்குது. பிளேட் மலிவு, ஆனா அதை மாத்த இஞ்சினை வெளிய எடுக்க வேணும். கூலியோட கணக்குப் போட்டு விலையில குறைச்சுக் கேளுங்க. முதலாம் கியருக்கு, ஓடக்குள்ள கியரை லேசா விழ வைக்கிற சின்க்ரோ இல்ல, கார் நிண்டாத்தான் விழும், அது பழுதில்ல.

முன் வீலைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒராளை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நிண்டா பெயாரிங், நிக்காட்டி வீல் திரும்புற கிங்பின். முன் சஸ்பென்ஷன் மைனர் மாதிரி இல்ல, ஒஸ்டின் ஏ35 வகை. இதுல மைனர்ச் சாமான் உதவாது. கிரீஸ் அடிக்காம விட்டா கீழ் பின் இறுகி, ஆம் சேத்து மாத்த வேண்டி வரும்.

மிட்ஜெட் கிடைக்காட்டி ட்ரையம்ப் ஸ்பிட்பயரும் பாக்கலாம். அது 1962ல தொடங்கி 1980 வரை, ட்ரையம்ப் ஹெரல்ட் காரிட செசியைக் குறுக்கிச் செய்தது. அதுல ஒரே ஒரு விசயம் மறக்காதீங்க. முன் வீல் திரும்புற கீழ் மூட்டான ட்ரனியனுக்கு கிரீஸ் இல்ல, 90 நம்பர் கியர் ஓயில்தான். கிரீஸ் அடிச்சா ஓயில் திருகுக்குள்ள போகாது, முறிஞ்சு வீல் மடங்கும்.

இனி விலை. விக்கிற விலையில இருந்து பின்னுக்கு எண்ணுங்க. கணக்கு விளங்க ஒரு உதாரணம் மட்டும், சந்தை விலை இல்ல: 30 லட்சத்துக்கு விக்கலாம் எண்டு வைப்பம். சில்லும் பெயின்டும் 5, ஹெட்டும் கிளச்சும் 2, பிரேக்கும் டயரும் 2, துணி ஹூட், சீட் ஒண்டரை, ஏத்துக்கூலி, பேப்பர் 1. மொத்தம் பதினொண்டரை லட்சம். கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கு அதுல அஞ்சில ஒரு பங்கு, 2 லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் 16 லட்சத்து 20 ஆயிரம். உங்களுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் வேணும் எண்டா 14க்கு மேல ஒரு சதமும் குடுக்கக் கூடாது.

விக்கிறதுக்கெண்டு முழுக்காரையும் புதுசாப் பெயின்ட் அடிக்காதீங்க. புதுப் பெயின்டுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டுதான் தெரிஞ்சவர் யோசிப்பார். பிரேக், லைற், வைப்பர், கதவுப் பூட்டு நாலும் வேலை செய்ய வேணும். வயரிங்ல ஒரு எச்சரிக்கை: 1967 கடைசி வரைக்கும் வந்த காருக்கு பட்டரியிட பொசிட்டிவ் பக்கம்தான் பொடிக்குப் போகும். தெரியாம மாத்திக் குடுத்தா செட், சார்ஜர் எல்லாம் எரியும். பட்டரிக்குப் பக்கத்துல பெரிசா எழுதி ஒட்டுங்க.

மாரி தொடங்க முதல் வித்து முடிங்க. ஐப்பசிக்குப் பிறகு மழை நிண்டு தராது, ஹூட் போட்ட காரை வந்து பாக்கிற ஆளும் குறையும், உங்கட சில்லும் நனையும். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல, ஓட்டிக் கொண்டு போகாம கரியர்ல ஏத்துங்க.

கை மாத்திற நாளில எம்.டி.ஏ. 8ல வாங்குறவரிட பேர், விலாசம், திகதியைக் கட்டாயம் எழுதி, கையெழுத்து வாங்கி, அடையாள அட்டைக் கொப்பியோட நீங்களே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்புங்க. வெறும் ஓப்பன் பேப்பராக் குடுத்து விட்டா, அந்தக் கார் எங்க இடிச்சாலும் பொலிஸ் தேடி வாறது புத்தகத்துல பேர் இருக்கிற ஆளிட வாசலுக்குத்தான்.