மடியில் கிடந்த டிரம்பெட்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடமாகச் சர்ச்சில் டிரம்பெட் ஊதுகிறவன் நான். ஞாயிறு ஆராதனையைவிடக் கல்யாணங்களில்தான் அதிகம் ஊதியிருப்பேன். மணப்பெண் வாசலில் வந்து நின்றதும் நான் எடுக்கும் மெட்டு பெரும்பாலும் 'டிரம்பெட் வாலண்டரி'தான். 1981-ல் லண்டனில் நடந்த சார்லஸ், டயானா திருமணத்தில் உலகமே கேட்டதே, அதே மெட்டு. இங்கிலாந்தின் பெரிய இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் எழுதியது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, எழுதியவர் ஜெரமையா கிளார்க். 1700 வாக்கில் டென்மார்க் இளவரசர் பெயரில் அவர் செய்த ஒரு மார்ச் அது.

அந்த மெட்டை ஊதும்போது என் வலது கை விரல்கள் மூன்று வால்வுகள் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். கிளார்க் காலத்து டிரம்பெட்டில் வால்வே கிடையாது. துளையும் கிடையாது. ஏழடி நீளப் பித்தளைக் குழாய், அதை மடித்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நம் கோயில் திருவிழாவில் எக்காளம் ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் விரலுக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாம் உதடும் மூச்சும். பரோக் காலம் என்று சொல்கிற 1600-லிருந்து 1750 வரையிலான காலத்து டிரம்பெட்டும் அந்த ஜாதிதான்.

அப்படியானால் அதில் எப்படிப் பாட்டு வாசித்தார்கள்? இதைப் புரிந்துகொள்ளத் தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். மந்தர சட்ஜத் தந்தியை மீட்டினால், யாரும் தொடாமலே அதற்குள்ளிருந்து ஒரு அந்தர காந்தாரம் எழும்பி வரும். நல்ல தம்புரா என்றால் காதில் தெளிவாகவே விழும். அந்தக் காந்தாரம் அடிச் சுரத்தின் ஐந்தாவது மடங்கு. டிரம்பெட் குழாய்க்குள்ளும் அதே மடங்குகள்தான் இருக்கின்றன. உதட்டை இறுக்க இறுக்க ஒவ்வொன்றாக வெளியே வரும். கீழே ஒரு சட்ஜம், அப்புறம் பஞ்சமம், மேல் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம். ஏணியில் கீழ்ப்படிகளுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி. ராணுவ அழைப்புக்கு இது போதும், பாட்டுக்குப் போதாது. எட்டாவது மடங்குக்கு மேலே போனால்தான் படிகள் நெருங்கி வந்து ச ரி க ம என்று வரிசையாகக் கிடைக்கும்.

அங்கும் ஒரு வில்லங்கம் உண்டு. பதினொன்றாவது மடங்கில் வருகிற மத்தியமம் சுத்த மத்தியமமும் இல்லை, பிரதி மத்தியமமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை உதட்டால் கீழே இழுத்தோ மேலே தள்ளியோ சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். பதின்மூன்றாவதில் வரும் தைவதமும் இறங்கித்தான் இருக்கும். இந்த மத்தியமத்தை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்பவும் வருவேன்.

உச்சியில் ஊதும் இந்தக் கலைக்குக் கிளாரினோ என்று பெயர். இத்தாலியில் ஜிரோலாமோ ஃபாந்தினி 1638-ல் வெளியிட்ட பயிற்சி நூலிலேயே விசைப்பலகைத் துணையோடு தனி டிரம்பெட்டுக்கு சொனாட்டா என்கிற உருப்படிகள் இருக்கின்றன. பிறகு போலோஞ்ஞா நகரத்து சான் பெத்ரோனியோ பேராலயத்துக்காக ஜுசெப்பே தொரெல்லி வரிசையாக எழுதித் தள்ளினார். அவருடைய டிரம்பெட் கான்செர்ட்டோ, அதாவது வாத்தியக்குழுவோடு ஒரு தனி வாத்தியம் முன்னால் நின்று வாசிக்கும் உருப்படி, எதையாவது கேட்டுப் பாருங்கள். முதல் பகுதி வேகம், டிரம்பெட் முழங்கும். நடுப்பகுதி நிதானம், அங்கே தந்தி வாத்தியங்கள் மட்டும்தான், டிரம்பெட்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் பகுதியில் மறுபடி முழக்கம்.

ஏன் நடுவில் மௌனம்? உதட்டுக்கு ஓய்வு வேண்டும் என்பது ஒரு காரணம், ஊதுகிறவனாக அதை நான் சத்தியம் செய்தே சொல்வேன். பெரிய காரணம் வேறு. மேற்கத்திய இசையில் நடுப்பகுதி பெரும்பாலும் வேறு சுருதிக்கு நகர்ந்துவிடும். நம் கச்சேரியில் ஆதார சட்ஜம் தொடக்கத்திலிருந்து மங்களம்வரை அசையாது. அவர்களுக்கு அசைவதில்தான் சுவை. ஒரே சுருதியில் பிறந்த அந்தக் குழாயால் கூடவே நகர முடியாது. துக்கமான, மெதுவான, உள்ளுக்குள் பேசுகிற இடம் வந்தால் டிரம்பெட்டுக்கு வேலை இல்லை.

பாக் மாதிரி ஒரு மேதை கையிலும் இதே கதைதான். 1721-ல் பிராண்டன்பர்க் சிற்றரசருக்குக் காணிக்கையாக்கிய ஆறு கான்செர்ட்டோக்களில் இரண்டாவதில் புல்லாங்குழல் வகையான ரெக்கார்டர், ஓபோ, வயலின் ஆகியவற்றோடு டிரம்பெட்டும் சமமாகப் பேசுகிறது. ரெக்கார்டரின் மெல்லிய குரலை அமுக்காமல் டிரம்பெட் ஊத வேண்டும், அதுவும் உச்ச ஸ்தாயியில், ஏறக்குறைய வாய்ப்பாட்டு வேகத்தில். இன்றைக்கும் இந்தப் பகுதி என்றால் எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இசை வரிசை இதன் முதல் பகுதியோடுதான் தொடங்குகிறது. ஆனால் இரண்டாம் பகுதியில் பாக் டிரம்பெட்டை உட்கார வைத்துவிட்டார். மற்ற மூவரும் பேசி முடிக்கும்வரை அது காத்திருக்கிறது.

பாக் லைப்சிக் நகரத்துக்கு 1723-ல் போனபோது அங்கே அவருக்குக் கிடைத்த டிரம்பெட்காரர் காட்ஃபிரீட் ரைக்கே. அரண்மனை ஆளில்லை, நகராட்சிச் சம்பளத்தில் இருந்த ஊர் வாத்தியக்காரர். அந்தக் காலத்து ஜெர்மனியில் இந்த வித்தியாசம் லேசானதில்லை. 1623-ல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் அரண்மனை டிரம்பெட்காரர்களுக்கும் முரசடிப்பவர்களுக்கும் தனிச் சங்க உரிமை கொடுத்திருந்தார். யார் ஊதலாம், எங்கே ஊதலாம், யாருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் விதி. போர்க்களம் போய் வராதவர் சீடர் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுகூட இருந்தது. ராஜாவின் கௌரவம் அந்த ஒலியில் இருந்ததால் கண்டவர் கையில் அது போய்விடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள்.

ரைக்கேயின் ஓவியம் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் பாக்கையும் வரைந்த எலியாஸ் காட்லோப் ஹவுஸ்மன் வரைந்தது. தடித்த கழுத்து, சிவந்த முகம், ஒரு கையில் வட்டமாகச் சுருட்டிய டிரம்பெட், மறு கையில் ஒரு சுரத்தாள். தாளில் உள்ள சுரங்களைப் படித்து இன்றும் வாசிக்கலாம், அவ்வளவு துல்லியம். படித்தால் ஏணியின் உச்சியில் துள்ளி விளையாடுகிற ஒரு சின்ன உருப்படி. தன் திறமையைக் கையில் பிடித்துக்கொண்டு, 'ஊதிப் பார்' என்று சவால் விடுகிற மாதிரி நிற்கிறார் மனிதர்.

1734 அக்டோபர் 5 இரவு லைப்சிக் சந்தைச் சதுக்கத்தில் சாக்சனியை ஆண்ட மன்னர் குடும்பத்துக்கு முன்னால் பாக்கின் புதிய கான்டாட்டா, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து வழங்கும் உருப்படி. பல்கலைக்கழக மாணவர்கள் அறுநூறு பேர் தீப்பந்தம் ஏந்தி வந்தார்கள் என்று ஊர்க் குறிப்பு சொல்கிறது. ரைக்கேக்கு அப்போது வயது 67. திறந்த வெளியில், புகைக்கு நடுவே, அந்த உச்ச சுரங்களை ஊதினார். மறுநாள் வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தார், இறந்துபோனார். முந்தின இரவின் சிரமமும் பந்தப் புகையும்தான் காரணம் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். அந்தக் கான்டாட்டாவின் தொடக்கக் கோரஸ் பிறகு பாக்கின் பி மைனர் மாஸ் என்ற திருப்பலி இசையில் 'ஒசன்னா' பகுதியாக ஒலிக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புகை வாசனை அடிக்கும்.

ரைக்கேக்குப் பின் ஐம்பது வருடத்தில் இந்தக் கலை தேய்ந்தது. அது சட்டென்று நடக்கவில்லை. 1760-களில்கூட மிக்கேல் ஹைடன், அதாவது பெரிய ஹைடனின் தம்பி, இருபத்து நான்காவது மடங்குவரை ஏறும் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. 1762-ல் லியோபோல்ட் மொசார்ட் எழுதிய கான்செர்ட்டோ மெதுவான பகுதியிலேயே தொடங்குகிறது, அங்கே டிரம்பெட் பாடவும் செய்கிறது. ஆனால் உச்சியில்தான், கீழே இறங்கினால் படிகள் இல்லையே. இதில் ஒரு வேடிக்கை: அதே வீட்டில் அவருடைய ஆறு வயது மகன் வொல்ஃப்காங் டிரம்பெட் தனியாக ஒலித்தாலே நடுங்குவான். பயத்தைப் போக்க எண்ணி ஒருமுறை அவன் முன்னால் ஊத வைத்தார் அப்பா. பையன் வெளிறிப்போய்க் கீழே சாயப் பார்த்தான். ஊதினவர் குடும்ப நண்பர் ஷாக்ட்னர், அவரே பிற்காலத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் பையன் வளர்ந்து எழுதிய சிம்பொனிகளில் டிரம்பெட்டின் இடம் முரசுக்குப் பக்கத்தில். சட்ஜம், பஞ்சமம், அழுத்தம் கொடுக்க இரண்டு தட்டு, அவ்வளவே. புது இசை அடிக்கடி சுருதி மாறிப் பயணம் போனது. பழைய குழாய் வாசலிலேயே நின்றுவிட்டது. ராஜாக்கள் செலவைச் சுருக்க, சங்கத்தின் பெருமையும் கூடவே வடிந்தது.

இப்போது வியன்னாவுக்கு வருவோம். அரசவை டிரம்பெட்காரர் அன்டோன் வைடிங்கர். குழாயில் துளை போட்டு, கிளாரினெட்டில் இருப்பதுபோல் கீ வைத்து மூடினார். விரலால் அழுத்தினால் துளை திறக்கும், சுரம் ஏறும். கீழ் ஸ்தாயியில் இல்லாத படிகள் எல்லாம் திடீரென்று வந்துவிட்டன. இதற்கு விலையும் உண்டு: துளை திறந்த சுரங்களில் பித்தளையின் பளபளப்பு குறைந்து, ஒலி கொஞ்சம் மங்கும். டிரம்பெட் என்றால் பளீரென்று இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

1796-ல் யோசஃப் ஹைடன், 64 வயதில், வைடிங்கருக்காக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். அரங்கேற்றம் நான்கு வருடம் கழித்து, 1800 மார்ச் 28, பர்க் தியேட்டரில். ஏழு வருட உழைப்பும் பெருஞ்செலவும் ஆனது என்று வைடிங்கரே விளம்பரம் கொடுத்தார்.

ஹைடனின் குறும்பைப் பாருங்கள். வாத்தியக்குழு முன்னுரை வாசிக்கும்போதே டிரம்பெட் ஒன்றிரண்டு சுரம் ஊதுகிறது. எல்லாம் பழைய டிரம்பெட்டுக்கும் வரக்கூடியவை. கேட்பவர், 'என்னய்யா புதுசு?' என்று நினைக்கும் நேரம் பார்த்து, தனி வாத்தியம் உள்ளே வருகிறது: கீழ் ஸ்தாயியில் ச ரி க. குழந்தைப் பாடம்தான். ஆனால் அந்த இடத்து ரிஷபம் அதற்கு முன் இயற்கை டிரம்பெட்டின் குழாயில் இருந்ததே இல்லை.

இரண்டாம் பகுதி ஆண்டான்டே, அதாவது நிதான நடை. தொரெல்லி காலத்தில் வாத்தியம் மடியில் கிடந்த அதே நடுப்பகுதி. ஹைடன் சுருதியை நகர்த்துகிறார், டிரம்பெட்டை வெளியே அனுப்பாமல் கூடவே அழைத்துப் போகிறார். எங்கே தெரியுமா? மத்தியமத்துக்கு. நாம் மத்தியம சுருதி என்போமே, அதே கணக்கு. பதினொன்றாவது படியில் சுருதி சேராமல், நூற்றைம்பது வருடம் எல்லா உதடுகளையும் படுத்திய அந்த மத்தியமத்தையே அவர் சட்ஜமாக்கி, அதன் மேல் ஒரு தாலாட்டைக் கட்டிவிட்டார். வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டால், மத்தியமத்துக்கு நகர்வது அன்றைய வழக்கம்தான். இருந்தாலும் ஊதுகிறவன் கண்ணுக்கு அது வழக்கமாகத் தெரிவதில்லை.

1803-ல் ஹம்மல் எழுதிய இன்னொரு கான்செர்ட்டோவும் வைடிங்கருக்காகத்தான். 1804 புத்தாண்டன்று எஸ்தர்ஹாசி பிரபுவின் அவையில் ஒலித்தது. பிறகு 1818-ல் பெர்லினில் ஷ்டோல்சல், புளூமல் இருவரும் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கீ வைத்த டிரம்பெட் மறைந்தது, ஹைடனின் உருப்படியும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தூங்கியது. அதை மீட்டதில் வானொலிக்கும் பங்கு உண்டு: 1930-களில் பிபிசி ஒலிபரப்பியது. அதே பத்தாண்டின் கடைசியில் ஜார்ஜ் எஸ்க்டேல் இசைத்தட்டுக்காக ஊதினார், இரண்டாம் மூன்றாம் பகுதிகளை மட்டும். அப்புறம் பிரான்சில் சுரங்கத் தொழிலாளியாகத் தொடங்கிய மொரீஸ் ஆந்த்ரே, அமெரிக்காவின் விண்டன் மார்சாலிஸ் என்று பலர் கைக்கு அது வந்தது. இன்று எந்த வாத்தியக்குழுவில் வேலை கேட்டுப் போனாலும் முதலில் ஊதச் சொல்வது இதைத்தான்.

நிலையத்தார் எனக்கு நாலு நிமிடம் மிச்சம் வைத்திருக்கிறார்கள். ஆண்டான்டே முழுவதும் அதற்குள் அடங்கும். முதலில் தந்திகள் மெட்டைச் சொல்லும். எட்டே ஆவர்த்தம் பொறுங்கள், டிரம்பெட் வரும்.